ஓட்டமும் தொடைப் பலமும்

கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைப் பள்ளி ஓட்டப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோர் சிலர், பலப் பயிற்சி செய்தால் உடம்பு இறுகி ஓட்டம் மந்தமாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். அப்படி அன்று. வேகமாக ஓடுகையில் ஒவ்வொரு முறையும் கால் தரையில் படுவது விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரந்தான். அதற்குள் தரையைப் பலமாக உதைத்தால்தான் உடம்பு முன்னே பாயும். அந்த உதைக்குத் தொடையும் பிட்டமும் வலுவாக இருக்க வேண்டும்.

நம் நாட்டு டாக்டர் எம். ஜெகதீசன் 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017இல் முறிந்தபோது குறைந்தது 0.02 விநாடிதான். ஓட்டத்தில் அவ்வளவு சிறிய வித்தியாசமும் பெரிது.

ஆனால், பலம் வரட்டும் என்று வளரும் பிள்ளையின் தோளில் காண்டா வாளியை ஏற்றிவிடாதீர்கள், முதுகு கெடும். வாரம் இரு நாள் பத்துப் பத்தாகத் தோப்புக்கரணம் (அது தண்டனைக்கு மட்டுமன்று!), படியேறுதல், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல் போதும். களைத்தபின் வேண்டாம். பெண் பிள்ளைக்கும் இதேதான். தாண்டிய தூரத்தை லயத்து வாசலில் கோடு கிழித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் தாண்டச் சொல்லுங்கள்.