அடுத்திருப்பவர் யார்?



தன்னிடத்தில் கொண்டிருக்கும் அன்பைப் 'பிறனிடத்திலும்' காட்டுக என்று கிறிஸ்தவனுக்குப் பணிக்கிறது, விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ அவ்விடத்தில் 'அடுத்திருப்பவர்' என்னும் சொல்லை அமைத்தது. பிறன் என்பவன் நம்மவன் அல்லாதவன். அடுத்திருப்பவர் நம் சுவருக்கு அப்பால் வாழ்பவர். சொந்த ஊரில் இவ்விருவரும் வெவ்வேறானவர். அங்கே அடுத்த வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் உற்றார் உறவினரே. பிழைப்பு நாடி வெளிமாநிலம் வந்த நமக்கோ இருவரும் ஒருவரே. இக்கட்டளையின் கடுமை இங்கேதான் விளங்குகிறது.

மும்பையின் தாராவியைப் பாருங்கள். நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களும் குஜராத்திலிருந்து வந்த குயவர்களும் வடநாட்டுத் தையற்காரர்களும் பழங்குடிகளான கோலி மீனவர்களும் அங்கே நெருங்கி வாழ்கின்றனர். 1887-இல் எழுந்த பெரிய மசூதியும் 1913-இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் அங்கே உள்ளன. மாதுங்காவில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. செம்பூரில் நம்மவரின் இசையரங்கு உண்டு. தமிழில் வழிபாடு நடக்கும் தேவாலயங்களும் உண்டு. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் நம் அன்பு முழுவதும் இவற்றின் வாயிலுக்குள்ளேயே தீர்ந்துவிடுமாயின், நாம் நேசித்தது நம்மையே அன்றோ?

'எனக்கு அடுத்திருப்பவர் யார்?' என்று ஒரு சட்ட அறிஞர் இயேசுவைக் கேட்டார். எதுவரை அன்பு காட்டினால் போதும் என்று எல்லை அறிய விரும்பியதே அக்கேள்வி. இயேசு ஒரு கதை சொன்னார். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வரால் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டு விலகிப் போயினர். யூதர் வெறுத்த சமாரியன் ஒருவனே நின்று காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு வெள்ளிக்காசும் கொடுத்தான்; மேலும் செலவானால் தருவதாகவும் சொன்னான். பின்பு இயேசு கேள்வியைத் திருப்பினார்: இம்மூவரில் அடிபட்டவனுக்கு அடுத்திருப்பவனாய் ஆனவன் யார்? ஆகவே அடுத்திருப்பவரைத் தேடி அடையாளம் காண வேண்டியதில்லை. நாம் அவ்வாறு ஆக வேண்டும்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் போதனையன்று. 1966-இல் தென்னிந்தியருக்கு எதிரான குரல் எழுந்தபோது, இந்நகரில் நாமே பிறராய் நின்றோம். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் தாராவியும் எரிந்தது. நகரெங்கும் ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். அதன் பின்னர் பாவு கோர்டே என்னும் இந்துவும் வகார் கான் என்னும் முஸ்லிமும் தெருத்தெருவாகச் சென்று மக்களை ஒன்றுசேர்த்தனர். நான்கு சமயத்துச் சிறுவரை ஒன்றாக நிறுத்திய சுவரொட்டியை ஊரெங்கும் பரப்பினர். அவர்களைப் பற்றி 2003-இல் 'நாத்தா' என்னும் ஆவணப்படமும் வந்தது.

2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் கொரோனா நோய் கண்டறியப்பட்டது. பொதுக் கழிப்பறையையே பெரும்பாலோர் நம்பியிருந்த அவ்விடத்தில், அடுத்திருப்பவரே அச்சத்துக்குக் காரணமானார். அப்போதும் அவ்வட்டாரத்துத் தனியார் மருத்துவர்கள் மாநகராட்சியினருடன் வீடு வீடாகச் சென்று நோயாளரைத் தேடினர். அவ்வாண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை முன்மாதிரிகளுள் ஒன்றாகச் சுட்டினார்.

பேரிடர் வரும் நாளில் அன்பு திடீரெனப் பிறப்பதில்லை. அதற்கு முந்திய சாதாரண நாட்களில் அது சேர்த்துவைக்கப்படுகிறது. குழாயில் நீர் வரும் வேளையில், இரவுப்பணி முடிந்து உறங்கும் அண்டை வீட்டாரின் குடத்தையும் நிரப்பி வைத்தல். மராத்தி எழுதத் தெரியாத கிழவருக்கு விண்ணப்பம் எழுதித் தருதல். வேற்று மொழிக் குழந்தையின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுதல். 'அவர்கள் இப்படித்தான்' என்று நம்மவர் பேசும்போது உடன்படாதிருத்தல். இவற்றுள் கடைசியானதே கடினமானது. அதற்குச் செலவாவது காசன்று, நம்மவரிடத்தில் நமக்குள்ள நற்பெயர். சமாரியன் கொடுத்த விலையில் அதுவும் ஒரு பங்காக இருந்திருக்கக்கூடும்.

பிறன் என்ற சொல்லை அழித்து அடுத்திருப்பவர் என்று எழுதுவது அச்சகத்தில் எளிது. வாழ்க்கையில் அதை ஒவ்வொரு நாளும் நாமே திருத்தி எழுத வேண்டும்.