கிழிக்கப்பட்ட கடிதம்

நாம் இன்று எடுத்துக்கொள்ளும் நூல், அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இயற்றிய ‘ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்’ என்னும் நாவல். 1884-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலும், 1885-இல் அமெரிக்காவிலும் இது வெளிவந்தது. அன்று தொடங்கிய வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை.

கதை எளியது. குடிகாரத் தந்தையிடமிருந்து தப்பி ஓடுகிறான் ஹக் என்னும் வெள்ளைச் சிறுவன். தன்னைத் தென்திசையில் விற்றுவிடுவார்கள் என்றஞ்சி ஓடுகிறான் ஜிம் என்னும் கறுப்பின அடிமை. இருவரும் ஒரே தெப்பத்தில் மிசிசிப்பி நதியின் வழியே செல்கின்றனர். அமெரிக்காவில் அடிமைமுறை 1865-இல் ஒழிந்தது. கதை நிகழ்வதோ அதற்கு முந்திய காலத்தில். தப்பியோடும் அடிமைக்குத் துணைபோவது திருட்டு என்றது சட்டம். பாவம் என்றது ஹக் வளர்ந்த சமூகம்.

ஆகவே ஹக், ஜிம்மின் இருப்பிடத்தைத் தெரிவித்து, அவனுடைய எஜமானிக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவம் நீங்கியதுபோல் நெஞ்சு இலேசாகிறது. ஆனால், தன்னை எழுப்ப மனமின்றித் தன் முறைக்கும் சேர்த்து ஜிம் இரவுகளில் காவலிருந்தது அவன் நினைவுக்கு வருகிறது. நரகம் கிட்டினாலும் கிட்டட்டும் என்று கடிதத்தைக் கிழித்துவிடுகிறான். தான் அறம் செய்வதாக அவன் எண்ணவில்லை. பாவம் செய்வதாகவே நம்புகிறான். ஊரார் கற்பித்த மனச்சான்றை ஒரு சிறுவனின் அன்பு வென்ற இடம் இது.

தனிமனிதனின் வெற்றி என்று இதனை நாம் போற்றலாம். ஆயினும் கதை இங்கே முடியவில்லை. ஜிம் பிடிபட்டபின், தோழன் டாம் சாயர் வந்து சேர்கிறான். எஜமானி இறக்கும்போதே ஜிம்முக்கு விடுதலை அளித்துவிட்டாள் என்பதை அறிந்தும் மறைத்து, சிறைமீட்பை ஒரு விளையாட்டாக்குகிறான். ஹக்கும் அதற்கு இணங்குகிறான். தனியே நின்று நிமிர்ந்த நெஞ்சு, துணை சேர்ந்ததும் வளைந்துவிடுகிறது. ஒருவனுடைய நல்லெண்ணம் மட்டுமே ஒரு கொடுமையை ஒழித்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, தடைகளைப் பார்ப்போம். 1885-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு நகர நூலகம் இந்நூலை விலக்கியது. அடிமைமுறை அதற்குக் காரணமன்று. முரட்டுப் பேச்சும் நயமற்ற நடையுமே காரணம். இதனால் 25,000 பிரதிகள் விற்கும் என்று ட்வைன் மகிழ்ந்தார். 1957-இல் எழுந்த எதிர்ப்பு வேறு. கறுப்பின மக்களை இழிவுபடுத்துவதாகக் குரல் எழுந்த சூழ்நிலையில், நியூயார்க் நகரம் தன் பள்ளிப் பாடநூற் பட்டியலிலிருந்து இதனை நீக்கியது. 1982-இல் வர்ஜீனியாவில், மார்க் ட்வைனின் பெயரைத் தாங்கிய பள்ளியிலேயே இதனை நீக்கும் கோரிக்கை எழுந்தது.

இவ்விருவகை எதிர்ப்புகளையும் நாம் ஒன்றாக எண்ணலாகாது. முன்னது மேட்டிமை, பின்னது வேதனை. வகுப்பில் கறுப்பினச் சிறுவன் ஒருவன் மட்டும் அமர்ந்திருக்க, ஏனையோர் அவ்விழிசொல்லை உரக்கப் படித்தால் அவன் எங்கே முகத்தை வைத்துக்கொள்வான்?

இதற்குத் தீர்வாக 2011-இல் ஒரு பதிப்பு வந்தது. இழிசொல் வந்த 200-க்கும் மேற்பட்ட இடங்களில் ‘அடிமை’ என்ற சொல் இடப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் கதையில் ஹக்கின் தந்தை, பல மொழிகள் அறிந்த பேராசிரியர் எனப்படும் ஒருவரையும் அவ்விழிசொல்லால்தான் ஏசுகிறான். அவரோ அடிமையல்லர், உரிமை பெற்றவர். விடுதலையும் கல்வியும் பெற்ற பின்னரும் அவ்வசை ஒருவரை விடவில்லை என்பதன்றோ அங்கே செய்தி? சொல்லை மாற்றினால் அச்செய்தி மறைந்துபோகும்.

வேறொரு விடையை, கறுப்பின எழுத்தாளர் பெர்சிவல் எவரெட் 2024-இல் தந்தார். ‘ஜேம்ஸ்’ என்னும் நாவலில் அதே கதையை ஜிம்மின் வாய்மொழியாகவே சொல்லிவிட்டார். பழைய நூலை அவர் அகற்றவில்லை; அதில் ஒலிக்காத குரலை அதன் அருகில் அமர்த்தினார்.

பம்பாயில் வாழும் நேயர்கள் அறிய ஒரு செய்தி உண்டு. 1896-இல் அந்நகருக்கு வந்த ட்வைன், விடுதியில் ஐரோப்பியர் ஒருவர் இந்தியப் பணியாளரை அறைந்ததைக் கண்டார். அடிமைகளிடம் அவ்வாறே நடந்துகொண்ட தம் இளமைக்கால ஊர், மறந்துபோயிருந்த ஊர், அக்கணமே அவர் நினைவில் எழுந்ததாம். அந்நாவலை எழுதியவருக்கே அம்மறதி இருந்தது. நமக்கு இராதா? வலிக்கும் பக்கத்தை அழிப்பதினும், வலிப்பவர் அருகிலிருந்து அவர் சொல்வதையும் கேட்டு அதனைப் படிப்பதே மேல் என்பது நம் கருத்து.