எல்லை மாவட்டத்தில் தமிழ்நாடு நாள்

1911 ஏப்ரல் 1 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். கலெக்டர் அங்கேதான் இருந்தார். மனு கொடுக்கவும் மேல்முறையீடு செய்யவும் வேலூர்க்காரர்கள் வடக்கே போக வேண்டியிருந்தது. அந்த நாளில் சித்தூர், சந்திரகிரி, பலமனேர் பகுதிகளையும் கார்வேட்டிநகரம், காளஹஸ்தி, புங்கனூர் ஜமீன் நிலங்களையும் வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்தார்கள். கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் என்ற ஒன்றைப் புதிதாக அமைத்தார்கள். மிஞ்சிய வட ஆர்க்காட்டுக்கு வேலூர் தலைநகரானது.

ஆங்கில ஆட்சியில் கோப்புகளில் முடிந்துபோன ஏற்பாடு அது. தமிழ் பேசும் ஊர் எது, தெலுங்கு பேசும் ஊர் எது என்று அப்போது வீடு வீடாகப் போய்க் கேட்டு யாரும் கோடு போடவில்லை. இரண்டு மாவட்டங்களும் சென்னை மாகாணத்துக்குள்ளேயே இருந்ததால் யாருக்கும் அது பெரிதாக உறைக்கவுமில்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோதுதான் விளைவு தெரிந்தது. பிரிவினை மாவட்டக் கணக்கில் நடந்தது. சித்தூர் மாவட்டம் முழுதாக ஆந்திரத்துக்குப் போனது. அதற்குள் இருந்த திருத்தணியும் போனது. நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு ஒரே நாளில் மாநில எல்லையாகிவிட்டது.

தமிழ்நாடு நாளை எப்படிக் கொண்டாடுவது என்ற பேச்சை வேலூரில் தொடங்கினால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சென்னைக்கு அது ஒரு சட்டமன்றத் தீர்மானத்தின் நினைவு. குமரிக்கு அது சேர்க்கையின் நினைவு. வேலூருக்கோ, அடுத்த ஊர் வேறு மாநிலமாகிப் போனதன் நினைவும் அதில் கலந்திருக்கிறது. காட்பாடி தாண்டிக் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியைக் கடந்தால் ஆந்திரம்.

இன்று அரசு கொண்டாடும் நாள் ஜூலை 18. 1967இல் அதே தேதியில், சபாநாயகர் சி.பா. ஆதித்தனார் தலைமையில் கூடிய அவையில், முதலமைச்சர் அண்ணா சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 1969 ஜனவரி 14 முதல் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. இடையில், 1968 டிசம்பர் 1 அன்று சென்னை பாலர் அரங்கில் பெயர் சூட்டு விழா நடந்தது. நோயின் பிடியில் இருந்த அண்ணா அந்த மேடைக்கு வந்து பேசினார். இரண்டு மாதத்தில், 1969 பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்தார். இந்த மாநிலத்தின் பெயருக்காக எடுக்கப்பட்ட விழாக்களில் அதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல முடியாது.

அந்தப் பெயருக்காக உயிரையே கொடுத்தவர் சங்கரலிங்கனார். விருதுநகரில் 1956 ஜூலை 27 அன்று பன்னிரண்டு கோரிக்கைகளோடு உண்ணாநோன்பு தொடங்கி, அக்டோபர் 13 அன்று இறந்தார். மொழிவழி மாநிலங்கள் பிறக்க அப்போது மூன்று வாரம்கூட இல்லை.

இன்னொரு தேதி நவம்பர் 1. 1956இல் மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடப்புக்கு வந்த நாள். 2019இல் எடப்பாடி பழனிசாமி தலைமையிலான அரசு அந்நாளைத் தமிழ்நாடு நாளாக அறிவித்துக் கொண்டாடியது. 2021 அக்டோபர் இறுதியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், இனி ஜூலை 18 தமிழ்நாடு நாளாகக் கொண்டாடப்படும் என்று அறிவித்தார். எது சரி என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. மண் வரையறுக்கப்பட்டது ஒரு நாள்; பெயர் உறுதியானது இன்னொரு நாள். நவம்பர் 1 அன்று கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வராமல் நின்றன. மலபாரும் தென் கன்னடமும் பிரிந்தன. பெற்றதும் இழந்ததும் ஒரே நாளில் நடந்ததால் அந்தத் தேதியை வெறும் மகிழ்ச்சியாகக் கொண்டாட முடியாது என்பார்கள். அந்த இழப்பைப் பேசவே அந்த நாள் வேண்டும் என்பதும் நேர்மையான வாதமே.

தேதிச் சண்டை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. மேற்கு வங்கத்தில் ஆளுநர் மாளிகை ஜூன் 20ஐக் கொண்டாட, 2023இல் சட்டமன்றம் வங்காளப் புத்தாண்டு நாளை மாநில நாளாக ஏற்றுத் தீர்மானம் போட்டது. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிரிந்தபின், ஆந்திரமும் எந்த நாளைக் கொண்டாடுவது என்று சில ஆண்டுகள் தடுமாறி, 2019இல் நவம்பர் 1க்குத் திரும்பியது.

வேலூருக்கு ஜூலை 18, நவம்பர் 1 ஆகிய இரண்டோடு மூன்றாவது தேதியும் உண்டு. அது ஏப்ரல் 1, 1960. மங்கலங்கிழார் வடக்கெல்லைத் தமிழரை ஊர் ஊராகத் திரட்டினார். ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகமும் திருத்தணியைப் போராட்டக் களமாக்கினார்கள். திருத்தணி கே. விநாயகம் உடன் நின்றார். மறியலும் சிறையுமாக ஆண்டுகள் போயின. பிறகு நடுவராக எச்.வி. படாஸ்கர் அமர்த்தப்பட்டார். அவருடைய பரிந்துரையின் மேல் 1959இல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழ் மாநிலத்துக்குத் திரும்பின. ஈடாகச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. தொல்காப்பியப் பாயிரம் வடக்கெல்லையாகச் சொல்லும் வேங்கடம் வரவில்லை. சித்தூர் நகரமும் வரவில்லை. 1911இல் பிரித்ததும் ஏப்ரல் 1. 1960இல் திருப்பித் தந்ததும் ஏப்ரல் 1. இந்த இரண்டு ஏப்ரல் 1களையும் வேலூர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டும்.

இப்போது விழா எப்படி நடக்கிறது? தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் வைக்கிறது. முதல் பரிசு 10,000 ரூபாய், அடுத்தது 7,000, பிறகு 5,000. செய்தித் துறை புகைப்படக் கண்காட்சி வைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். பேச்சுப் போட்டியில் ஒரு பிள்ளை சங்கரலிங்கனாரைப் பற்றிப் பேசத் தயாராகும்போது, வீட்டில் இன்னும் நான்கு பேருக்கு அந்தப் பெயர் தெரியவரும். ஆனால் அது பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுகிறது. ஊர் விழாவாக மாறவில்லை.

பக்கத்தில் கர்நாடகத்தைப் பாருங்கள். நவம்பர் பிறந்தால் ராஜ்யோத்சவம். ஆட்டோ நிலையத்தில் கொடி ஏற்றுகிறார்கள், தெருமுனையில் பந்தல் போடுகிறார்கள். மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியதும் 1973இல் அதே நவம்பர் 1 அன்றுதான். நிலமும் பெயரும் ஒரே தேதியில் அமைந்த வசதி அவர்களுக்கு. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆம்பூர் வழியாக வரும் கர்நாடக லாரிகளில் மஞ்சள்-சிவப்புக் கொடி பறப்பதை அந்த மாதம் முழுக்கப் பார்க்கலாம். கேரளத்தில் கேரளப் பிறவி நாளன்று அலுவலகமும் கல்லூரியும் கசவுக்கரை ஆடை உடுத்தி வருகின்றன. அரசு சொல்லிக்கொடுத்துத்தான் அந்தப் பழக்கம் வேர் பிடித்தது என்று சொல்ல முடியாது. மக்கள் அதைத் தம்முடையதாக எடுத்துக்கொண்டார்கள்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் அப்படி எடுத்துக்கொள்ள என்ன செய்யலாம்? முதல் யோசனை: ஜூலை 18ஐத் தனி நாளாக வைக்காமல் ஜூலை 10இல் தொடங்குவது. 1806இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்த நாள் அது. புதுத் தலைப்பாகையும் அதில் வைத்த தோல் சின்னமும், தாடியையும் நெற்றிக்குறியையும் தடுத்த ஆணையும் இந்து, முஸ்லிம் சிப்பாய்களை ஒன்றாகக் கிளப்பின. ஒவ்வோர் ஆண்டும் மக்கான் அருகிலுள்ள நினைவுத் தூணில் மலர்வளையம் வைக்கிறார்கள். அங்கிருந்து எட்டே நாளில் தமிழ்நாடு நாள். இடைப்பட்ட நாட்களில் கோட்டை வெளியில் பழைய வட ஆர்க்காட்டு வரைபடங்களைப் பெரிதாக அச்சிட்டு வைக்கலாம்: 1911க்கு முன், பின், 1953, 1960, 1989இல் வட ஆர்க்காடு இரண்டானது, 2019 நவம்பரில் வேலூரிலிருந்து திருப்பத்தூரும் இராணிப்பேட்டையும் பிரிந்தது. ஒரே இடத்தில் நின்று அந்த வரைபடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும் பிள்ளைக்கு, மாநிலம் என்பது மனிதர்கள் பேசியும் போராடியும் அமைத்தது என்று தானே விளங்கும்.

இரண்டாவது, நேரம். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரில் பெரும்பகுதி பெண்கள். காலையில் கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து அவர்களை ஏற்றிப் போகிறது. மாலையில் கொண்டுவந்து விடுகிறது. காலை பதினொரு மணிக்கு அரங்கத்தில் நடக்கும் விழாவுக்கு அவர்களால் வர முடியாது. வேலை நாளில் ஜூலை 18 வந்தால், விழாவை அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு மாற்றி, பஸ் நிற்கிற ஊர்களிலேயே நடத்த வேண்டும். தையல் மேசையிலும் கட்டிங் பிரிவிலும் நிற்கிற பெண்கள் மேடை ஏறித் தம் வேலையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாலே அது வேறு விழாவாகிவிடும். உலகச் சந்தைக்குப் போகும் செருப்பின் மேல்தோலைத் தைத்தவர்கள் அவர்கள். மாநிலத்தின் வளர்ச்சியைப் பேசும் மேடையில் அவர்கள் பெயர் வராமல் போவது பெரிய குறை.

மூன்றாவது, மொழி. இந்த வட்டாரத்தில் தமிழோடு உருதும் தெலுங்கும் வீட்டு மொழிகள். தமிழ்நாடு நாள் என்றால் அவர்களுக்கு இடமில்லை என்ற எண்ணம் ஒரு நொடிகூட வரக் கூடாது. கவிக்கோ அப்துல் ரகுமான் பல ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தது வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில். ஆம்பூரில் நடக்கும் விழாவில் ஒரு முஷாயிராவுக்கும் இடம் கொடுப்பது மரியாதை. குடியாத்தத்துத் தெலுங்கு வீடுகளின் பாட்டும் அந்த மேடையில் கேட்க வேண்டும். இவர்களும் சேர்ந்துதான் இந்த எல்லை மாவட்டம்.

நான்காவதைச் சொல்லாமல் விட்டால் விழா பொய்யாகிவிடும். பாலாறு. கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரம் வழியாக வந்து, 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் ஓடும் ஆறு. 1892இல் மைசூரும் சென்னையும் செய்த ஒப்பந்தத்திலும் பாலாறு உண்டு. மாநில எல்லை என்பது காகிதத்தில் எப்படி இருந்தாலும், ஆற்றில் அது தண்ணீர்க் கணக்கு. அதே ஆற்றில் தோல் கழிவு சேர்ந்து நிலத்தடி நீர் கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இன்று நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்ற பெயர் அந்தத் தீர்ப்பால்தான் படிக்கப்படுகிறது. வேலை கொடுத்த தொழிலும் கெட்ட கிணறும் ஒரே ஊரில் இருக்கின்றன; விழா மேடை இரண்டையும் பேச வேண்டும். பாலாற்றங்கரை ஊர்களில் எந்தக் கிணறு தேறியிருக்கிறது, எது இன்னும் உவர்ப்பாக இருக்கிறது என்று ஆண்டுக்கொரு முறை ஜூலை 18 அன்று பள்ளி மாணவர்கள் நீரைச் சோதித்து ஊர்ச் சுவரில் எழுதி வைக்கலாம். கட்டுரைப் போட்டியின் தலைப்பாகவும் அதையே கொடுக்கலாம்.

செலவைப் பற்றிய அச்சம் வேண்டாம். அச்சிட்ட வரைபடங்கள், ஒலிபெருக்கி, ஷாமியானா, பாலாற்று நீரைச் சோதிக்கும் கருவி, இவ்வளவுதான் தேவை. வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை ஆகிய மூன்று மாவட்ட ஆட்சியர்களும் சேர்ந்து ஒரே நிகழ்ச்சி நிரல் போட்டால், 1989க்கு முந்தைய வட ஆர்க்காட்டின் ஒரு பெரிய பகுதி ஒரு வாரம் சேர்ந்து நிற்கும். அழைப்பிதழில் சித்தூருக்கும் ஒரு கட்டு ஒதுக்க வேண்டும். அங்கே இன்றும் தமிழ் பேசும் வீடுகள் இருக்கின்றன. அவர்களில் பலர் மருத்துவத்துக்கு வருவதும் துணி எடுக்க வருவதும் வேலூருக்குத்தான். காட்பாடி ரயிலைப் பிடித்து அவர்கள் கோட்டை வெளிக்கு வந்துவிடலாம்.