இரட்டைச் சிலுவை சுமக்கும் இளையோர்

(பொன்விழா நோயாளர் நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவுக்கென்று கோயிலுக்கு வர்ணம் பூசினோம். புதுக் கொடிமரம் நட்டோம். நம் தெருக்களில் கதவடைத்த அறைகளுக்குள் இருக்கும் பிள்ளைகளை நினைத்தோமா? உடலிலும் மனத்திலும் ஒருங்கே தீராப் பிணி கொண்ட இளையோரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்கு நற்கருணை கொண்டு சென்றோம். அவ்வீட்டு மகனுக்குச் சிறுவயது முதல் சர்க்கரை நோய். நாள்தோறும் இன்சுலின் ஊசி. பதினெட்டு வயதில் மனநோயும் சேர்ந்தது. அன்று அவன் வியர்த்து, நடுங்கி, ஏதேதோ உளறினான். மனநோய் முற்றிவிட்டது என்றெண்ணி நாம் ஜெபிக்கத் தொடங்கினோம். பக்கத்து வீட்டு நர்ஸ் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார். கால் மணி நேரத்தில் பையன் எழுந்து, "தோத்திரம் சாமி" என்றான். இரத்தத்தில் சர்க்கரை இறங்கியதை நாம் பைத்தியம் என்று எண்ணிவிட்டோம்! அந்த வெட்கம் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை.

அந்த நர்ஸ் சொன்னவை இவை: மனநோயாளர் சொல்லும் உடல் உபாதையை நம்புங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். மனச்சோர்வில் ஊசி போட மனம் வராது. பிடிவாதமென்று ஏசாமல் அருகே அமர்ந்து துணை செய்யுங்கள். சில மனநோய் மருந்துகள் உடல் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். ஆகவே இரு மருத்துவர்களும் எல்லா மருந்துகளையும் அறிந்திருக்க வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கிரனாதாவில் பைத்தியம் என்று அடைக்கப்பட்டு அடிபட்டவர் புனித இறை யோவான். வெளியே வந்ததும் நோயாளருக்கு மருத்துவமனை தொடங்கினார். 1930-இல் திருச்சபை அவரைச் செவிலியரின் பாதுகாவலராக அறிவித்தது.

2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடித் தீவிபத்தில் மனநோயாளர் 28 பேர் மாண்டனர். பலர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தனர். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஆனால், "மகள் கலியாணம் நின்றுபோகுமே" என்று மகனை அறைக்குள் மறைக்கும் சங்கிலியை யார் அறுப்பது? ஊர்வாய்க்கு அஞ்சியல்லவா அந்தத் தாய் மறைக்கிறாள்? அந்த ஊர் நாம்தானே!

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் அன்பியமும் இத்தகைய வீடொன்றைத் தேடிச் செல்லட்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளையோடு இருந்து, தாய்க்கு ஓய்வு கொடுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அவர்கள் சுவரில் எழுதி வையுங்கள். அந்தக் கதவுகள் திறக்கும் நாளே நம் பங்குக்கு மெய்யான பொன்விழா.