கார்மென் அமாயா: கடற்கரைக் குடிசையில் பிறந்த ஆடல்



ஆடற்கலையின் வரலாறு பெரும்பாலும் அரசவைகளையும் கோயில்களையும் சார்ந்தே எழுதப்பட்டு வந்துள்ளது. ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோவுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அண்டலூசியாவின் ஜிப்சி மக்களிடையே வளர்ந்து, மதுக்கூடங்களில் மேடையேறி, வயிற்றுப்பாட்டுக்குரிய தொழிலாக நிலைபெற்ற கலை அது. அத்தொழிலையே வாழ்வாகக் கொண்டவர்களுள் கார்மென் அமாயாவுக்குத் தனியிடம் உண்டு.

பார்சலோனா நகரின் கடலோரத்தில் சொமொரோஸ்த்ரோ என்றொரு குடிசைப்பகுதி இருந்தது. அங்கே ஒரு ஜிப்சிக் குடும்பத்தில் கார்மென் பிறந்தார். பிறந்த ஆண்டு 1913 என்பாரும் 1918 என்பாரும் உளர். ஏழை வீட்டுப் பெண்மகவின் பிறந்தநாளை யார் குறித்து வைக்கப் போகிறார்கள்? தந்தை ஹோசே அமாயா, 'எல் சீனோ' என்னும் பட்டப்பெயர் பெற்ற கித்தார்க் கலைஞர். அவர் இரவுகளில் மதுக்கூடந்தோறும் சென்று மீட்ட, சிறுமி ஆடினாள். கிடைத்த சில்லறை வீட்டுக்கு உணவாயிற்று. ஆடற்பள்ளி எதன் வாயிலையும் அவர் மிதித்ததில்லை.

ஃபிளமெங்கோவின் உயிர்நாடி 'கொம்பாஸ்' எனப்படும் தாளக்கட்டு. சொலேயா, அலெக்ரியாஸ், புலேரியாஸ் முதலிய வகைகளில் அது 12 எண்ணிக்கை கொண்ட வட்டமாகச் சுழலும். அழுத்தம் பொதுவாக 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் விழும். மும்மூன்றாய் நடந்து பின் இரண்டிரண்டாய் விரையும் இந்நடை, சந்தம் பழகிய செவிகளுக்கு எளிதில் பிடிபடும். பாடகரின் குரலும் கித்தாரும் கைதட்டலும் இவ்வட்டத்துக்குள் இயங்க, ஆடுபவரின் குதிகாலும் ஒரு தாளக்கருவியாகிறது. இக்காலடி ஆட்டத்துக்குச் 'சப்பதேயாதோ' என்று பெயர்.

கார்மெனுக்கு முன் பெண்களின் ஆடல் பெரிதும் கைகளிலும் மணிக்கட்டிலும் இடையிலும், தரையில் புரளும் நீண்ட ஆடையின் வீச்சிலும் தங்கியிருந்தது. விரைந்த காலடி ஆண்களின் பகுதி. கார்மென் ஆண்களைப் போல் காற்சட்டையும் குறுஞ்சட்டையும் அணிந்து, அவர்களும் வியக்கும் வேகத்தில் தரையை அதிரச் செய்தார். இதனை 'ஆண்தன்மை மிக்க ஆட்டம்' என்று எழுதியோர் பலர். அச்சொல் பொருந்துவதாகத் தெரியவில்லை. காலடியை ஆணின் உடைமையாக்கியது வெறும் வழக்கமே. அதில் கலையின் விதி எதுவும் இல்லை.

1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. கவிஞர் லோர்கா அவ்வாண்டு ஆகஸ்டில் கொல்லப்பட்டார். கார்மெனின் குழு லிஸ்பன் வழியாகக் கப்பலேறிப் புவெனோஸ் ஐரிஸ் சேர்ந்தது. அதே நகரில்தான் 1933இல் லோர்கா 'துவெந்தே' பற்றிய புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியிருந்தார். பயிற்சியால் கைவராதது, சாவின் அருகாமையை அறிந்த உடலினுள்ளிருந்து எழுவது என்பது அவர் கூறிய இலக்கணம். கார்மெனின் ஆடல் அதற்கு உரையெழுதியது போல் அமைந்தது.

பின்னர் நியூயார்க், 1942இல் கார்னகி அரங்கு, ஹாலிவுட் படங்கள் எனப் புகழ் பரவியது. விடுதி அறையில் மீன் சுட்டுத் தின்றார் என்பது போன்ற கதைகளைப் பத்திரிகைகள் சுவைத்துப் பரப்பின. ஜிப்சிப் பெண் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவை விரும்பின போலும். தந்தை, உடன்பிறந்தோர், உறவினர் என அக்குழுவே ஒரு குடும்பம் என்பதும், அத்தனை பேர் உலையும் அவர் கால்களை நம்பிக் கொதித்தது என்பதும் அக்கதைகளின் அளவுக்குப் பேசப்படவில்லை.

சிறுநீரக நோய் அவரை வாட்டியது. ஆடும்போது பெருகிய வியர்வையே அவரை அத்தனை காலம் காத்தது என்பர். நோயுற்ற நிலையிலேயே ரொவிரா பெலேத்தா இயக்கிய 'லோஸ் தாரந்தோஸ்' படத்தில் தாயாக நடித்தார். ரோமியோ–ஜூலியட் கதையை ஜிப்சிக் குடும்பங்களிடையே நிகழ்த்திய படம் அது. அதில் ஒரு காட்சியில் மேசைமீது விரல்முட்டிகளால் தாளமிடுகிறார். கால் ஆற்றிய பணியைக் கை ஏற்றுக்கொள்கிறது. படம் வெளிவந்த 1963ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 19 அன்று, பெகூர் என்னும் சிற்றூரில் அவர் மறைந்தார்.

அப்படத்தின் காட்சிகள் சில சொமொரோஸ்த்ரோவிலேயே எடுக்கப்பட்டவை. 1966இல் அக்குடிசைகள் முற்றாக அகற்றப்பட்டு, மக்கள் வேறிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். 1959இல் கார்மெனின் பெயரால் திறக்கப்பட்ட நீரூற்று அங்கே நிற்கிறது. அவர் பிறந்த மணலையும் குடிசைகளையும் காண விரும்புவோர் அந்தப் படத்திலும் பழைய நிழற்படங்களிலும்தான் காண வேண்டும்.