எண்ணும் சரிபார்ப்பும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் மெட்ரிகுலேஷன் வரையே படித்தவன். ரெயில்வே சரக்குக் கணக்கில் கூட்டலும் சரிபார்த்தலுமே என் தொழில். அத்தொழிலால் என் மனத்தில் பதிந்த இரு பேரெண்களின் வரலாற்றைச் சொல்ல விழைகின்றேன்.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி, வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7 போன்றவை அவ்வகையின. பேரெண் ஒன்று பகா எண்தானா என்று அறிவது எளிதன்று.

பாரிஸ் நகரில் வாழ்ந்த மெர்சென் என்னும் துறவி 1644ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32. ஒன்று போக 31. அது பகா எண். அவ்வாறே 67 இரண்டுகளையும் 127 இரண்டுகளையும் பெருக்கி ஒன்றைக் கழித்தாலும் பகா எண்களே கிடைக்கும் என்றார். 67 பற்றிய கூற்றைத் தவறென்று காட்டியவர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எவருமிலர்.

1876இல் பிரெஞ்சு அறிஞர் லூகாஸ் ஒரு சோதனை வகுத்தார். 1930இல் அமெரிக்கரான லேமர் அதனைச் செப்பனிட்டார். 31ஐக் கொண்டு அதனைக் காண்போம். 4இல் தொடங்குக. அதனை அதனாலேயே பெருக்கி 2 கழிக்க, 14. மீண்டும் அவ்வாறே செய்ய, 194; 31ஆல் வகுக்க மீதி 8. மீண்டும் செய்ய, 62, மீதி சுழியம். ஐந்து இரண்டுகளுக்கு மூன்றாம் படியில் சுழியம் வருதல் வேண்டும், வந்தது. ஆதலின் 31 பகா எண். 127 இரண்டுகளுக்கு 125 படிகள்.

127 இரண்டுகளால் வரும் 39 இலக்க எண் பகா எண்ணே என்று லூகாஸ் மெய்ப்பித்தார். 1951 வரை, அறியப்பட்டவற்றுள் அதுவே மிகப் பெரிய பகா எண். 67 இரண்டுகளால் வருவதோ பகா எண் அன்று என்றும் அவர் கண்டார். ஆனால் அதனை வகுக்கும் எண்கள் எவை? அது தெரியவில்லை.

இந்நிலை எனக்குப் புதிதன்று. பணியிற் சேர்ந்த புதிதில், மேலதிகாரியின் கையொப்பம் கண்டு, கூட்டிப் பாராமலே ஒரு தாளில் ஒப்பமிட்டேன். பின்னர்த் தொகை குறைந்தது. ஏழை ஊழியர் ஒருவர் மீது ஐயம் விழுந்தது. ஒன்பதுகளைத் தள்ளிப் பார்த்தேன். கூட்டல் பிசகென்று தெரிந்தது. எவ்வரியில் என்று தெரியவில்லை. இரண்டு இரவுகள் தேடிக் கண்டேன். அவர் மீதிருந்த பழி நீங்கியது. என் தலைகுனிவு இன்னும் நீங்கவில்லை.

அமெரிக்கப் பேராசிரியர் கோல் 1903இல் அந்த 21 இலக்க எண்ணைப் பிரித்துக் காட்டினார். அது 193707721ஐ 761838257287ஆல் பெருக்க வருவது. அவையோர் முன் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்பர். அதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டபோது, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

2024 அக்டோபரில் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண் ஒன்று அறிவிக்கப்பட்டது. கணிப்பொறிகள் கண்ட அதனையும் உறுதிசெய்தது லூகாஸ் வழிவந்த அச்சோதனையே.

மாணவச் செல்வங்களே! பெரியோரை வணங்குங்கள், அவர் தந்த கணக்கை ஒருமுறை கூட்டியும் பாருங்கள். அது அவமதிப்பு ஆகாது. அத்தாளின் மறுபுறத்தில் ஓர் ஏழையின் மானம் இருக்கக்கூடும்.