காதில் பூ, கையில் குடை



ஏமாந்தவனைச் சொல்ல நம்மிடம் எத்தனை பேச்சு! அல்வா கொடுத்தான், காதில் பூ சுற்றினான், குல்லா போட்டான், பட்டை நாமம் சாத்தினான். ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? திருடன் எடுத்துக்கொண்டு போகிறான். ஏமாற்றுகிறவனோ எதையாவது கொடுத்துவிட்டுத்தான் போகிறான்! மொட்டை அடிக்கிறவன் ஒருத்தன்தான் விதிவிலக்கு.

இந்தப் பட்டியலில் குடையைச் சேர்க்க நம் தூத்துக்குடிக்கு உரிமை உண்டு. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. போட்டிக்கு வெள்ளைக்காரனின் பி.ஐ. கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக்காரர்கள் எட்டணா என்றார்கள். உடனே அவன், "சும்மாவே ஏறு, ஒரு குடையும் வாங்கிக்கொள்" என்றான்! குடை வாங்கினவனை நான் ஏச மாட்டேன். பிழைப்புக்குக் கடல் தாண்டுகிறவனுக்கு டிக்கெட் காசு மிச்சமானால் அது பெரிய காரியம். ஆனால் போட்டிக் கப்பல் ஒழிந்த பிறகும் எவனாவது குடை நீட்டுவானா? 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள்.

இதே கரையில் இன்னொரு வியாபாரமும் நடந்தது. 1961 வரை இங்கே முத்துக்குளிப்பு உண்டு. சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எடுத்தவன் அதை அழுக விட்டு, ஈ மொய்க்கிற நாற்றத்தில் உட்கார்ந்து, அலசி அலசித் தேடுவான். ஒன்றுமே கிடைக்காமலும் போகும். யோகமில்லை என்பானே தவிர, ஏமாற்றினார்கள் என்று சொல்ல வழியில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கும் தெரியாதே! தெரிந்துகொண்டே நீட்டுகிறான் பாருங்கள், அவன்தான் ஆள்.

இன்றைக்குக் குடை செல்போனில் வருகிறது. 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்பான். முதலில் கொஞ்சம் பணம் நிஜமாகவே நம் கணக்கில் விழும்; அதுதான் அல்வா. பிறகு லட்சத்தில் கேட்பான். பறிகொடுத்தவர்கள் பலர் வாயே திறப்பதில்லை. எப்படித் திறப்பார்கள்? நம் பேச்செல்லாம் வாங்கினவன் காதிலும் நெற்றியிலும் போய் உட்கார்கிறது; கொடுத்தவன்மேல் ஒரு பொட்டுகூட விழவில்லை. பக்கத்து வீட்டில் பணம் போனது தெரிந்தால், சிரிப்பைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் போடச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் மடக்கினால்தான் உண்டு.